மாடித் தோட்டத்துத் திரவ உரங்கள்: தேர்வும் பிரயோகமும்

சென்னை, கோயம்புத்தூர், மதுரை முதலிய நகரங்களில் வீட்டைச் சுற்றி ஒரு முழம் மண்ணைக்கூட மிச்சம் வைக்காமல் கட்டடங்கள் எழும்பிவிட்ட இந்நாளிலே, கத்தரியும் வெண்டையும் தக்காளியும் கீரையும் தம் கையால் வளர்த்து உண்ண வேண்டும் என்ற ஆசையை விட மனமில்லாத குடும்பங்கள் மொட்டை மாடியையே தோட்டமாக்கிக் கொண்டிருப்பது, நம் காலத்தின் நல்ல காட்சிகளுள் ஒன்றாகும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறையும் 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகளை வழங்கத் தொடங்கி, பிற்பாடு ஏனைய ஊர்களுக்கும் அதனை விரித்து, இந்த ஆசைக்கு ஊக்கமளித்தது. பையும் விதையும் தென்னைநார்க் கழிவும் வந்து சேர்ந்தன, முதல் மாதம் செடிகள் தளதளவென்று எழுந்தன, பூவும் பிடித்தன. அதற்குப் பின்னரோ, பலருடைய மாடிகளில் இலை வெளிறி, பூ கொட்டி, காய் சிறுத்து, மனம் சோர்ந்து, பைகள் ஒரு மூலையில் அடுக்கப்பட்டுவிட்டன.

அவ்வாறு சோராமல் எஞ்சி நிற்பவர்கள் அடுத்தபடியாக நாடுவது திரவ உரங்களையே. பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம், மண்புழு நீர், கடற்பாசிச் சாறு, பிண்ணாக்குக் கரைசல், தேமோர்க் கரைசல் என்று கடையிலே வரிசையாக நிற்கும் புட்டிகளையும், அண்டை வீட்டார் அன்போடு சொல்லும் யோசனைகளையும் கேட்டுக் குழம்பி, கிடைத்ததை எல்லாம் ஊற்றிச் செடியை அழித்தவர்களும் உண்டு. எதையும் ஊற்ற அஞ்சிச் செடியைப் பட்டினி போட்டவர்களும் உண்டு. எந்தக் கரைசல் எந்த வேலையைச் செய்கிறது என்று அறிந்து தேர்ந்தெடுப்பதும், அதனை நன்றாக நீர்த்துச் சிறுகச் சிறுகக் கொடுப்பதும் ஆகிய இரண்டு விஷயங்களில் தெளிவு பிறந்துவிட்டால், மற்றவை எல்லாம் அனுபவத்தால் தாமே கைவந்துவிடும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

தொட்டியின் தனிச் சுபாவம்

நிலத்திலே நிற்கும் செடிக்கு வேரோடப் பூமி உண்டு. ஓரிடத்தில் சத்துக் குறைந்தால் வேர் மற்றோரிடம் தேடிச் செல்லும். தொட்டிச் செடியோ கட்டுச்சோற்றை நம்பி நெடும் யாத்திரை புறப்பட்டவனுக்கு ஒப்பானது. கட்டியது தீர்ந்தபின் யாரேனும் கொடுத்தாலன்றி அதற்கு வேறு கதியில்லை. மேலும், கோடை வெயிலில் மாடித் தளம் கொதிக்கும் நாட்களில் காலையும் மாலையும் நீர் ஊற்றாமல் முடியாது. அவ்வாறு ஊற்றும் நீர் வடிகால் துளை வழியே பழுப்பு நிறத்தோடு வெளியேறும்போது, மண்ணில் கரைந்து நிற்கும் தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் தன்னோடு கொண்டு போய்விடுகிறது.

இவற்றோடு தென்னைநார்க் கழிவின் குணத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். கோகோபீட் என்ற பெயரில் கட்டியாக விற்கப்படும் இந்தப் பொருள் இலேசானது, நீரைப் பிடித்து வைப்பது, மாடியின் பாரத்தைக் குறைப்பது. ஆயினும் உணவென்று சொல்லத்தக்க சத்து அதில் அற்பமே. மக்காத நார்க்கழிவிலே கரிமச் சத்து தழைச்சத்தைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேற்பட்டிருப்பதால், அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. புதிய கோகோபீட்டிலே நட்ட நாற்று இரண்டு வாரத்துக்குள் மஞ்சள் பூத்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகையால் செம்மண் ஒரு பங்கு, மக்கிய நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் சேர்த்து நிரப்புவதே முதற்கடமை. இந்த அஸ்திவாரம் இல்லாத தொட்டிக்கு எந்தக் கரைசலை ஊற்றினாலும் அது நீடித்த பயன் தராது.

பழைய சாஸ்திரமும் புதிய ரசாயனமும்

செடிக்குத் திரவமாக உணவூட்டும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சுரபாலர் இயற்றிய விருக்ஷாயுர்வேதம் என்ற வடமொழி நூல், பிராணிகளின் மாமிசத்தையும் மஜ்ஜையையும் வேகவைத்து, எள்ளுப் பிண்ணாக்கு, உளுந்து, பால், நெய், தேன் முதலியவற்றோடு சேர்த்துப் புளிக்கச் செய்த குணபஜலம் என்னும் கரைசலை மரங்களுக்கு ஊற்றும் விதியை விளக்குகிறது. ஆக்ஸ்போர்டு நகரத்துப் போட்லியன் நூலகத்தில் இருந்த இதன் ஏட்டுப் பிரதியைப் பெற்று, செகந்தராபாத்திலுள்ள ஆசிய வேளாண் வரலாற்று நிறுவனம் 1996இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டபோது, நம் நாட்டு விவசாய அறிஞர்கள் பலருடைய கவனம் அதன்பால் திரும்பியது.

ஜெர்மனி தேசத்து லீபிக் 1840இல் தம் விவசாய ரசாயன நூலை வெளியிட்டு, தாவரத்தின் வேர் உறிஞ்சுவது நீரிற் கரைந்த கனிமச் சத்துக்களையே என்ற கொள்கையை நிலைநாட்டினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், இந்தூரிலே பல்லாண்டு ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவார்டு 1940இல் எழுதிய நூலிலே, மண்ணின் உயிரைப் பேணாத விவசாயம் நிலைக்காது என்று எச்சரித்தார். இவ்விரண்டு உண்மைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பிண்ணாக்கிலும் மீனிலும் அடங்கிய புரதத்தை வேர் அப்படியே பெரும்பாலும் உண்ண முடியாது; நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து, முதலில் அம்மோனியாவாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுத்த பிறகே அது செடிக்கு உணவாகிறது. உயிரற்ற மண்ணில் இயற்கை உரம் வேலை செய்யாது என்பதும், உயிருள்ள மண்ணுக்கும் உணவிட்டே தீரவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

மூன்று வகைகள்

கடைகளிலும் வீடுகளிலும் வழங்கும் கரைசல்கள் எத்தனை பெயரோடு வந்தாலும், அவை செய்யும் தொழிலை நோக்கினால் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். செடிக்கு நேரே உணவாகும் சத்தை மிகுதியாகக் கொண்டவை முதல் வகை. பிண்ணாக்குக் கரைசலும் மீன் அமிலமும் இதைச் சேர்ந்தவை. மண்ணிலே நுண்ணுயிர்களைப் பெருக்குபவை இரண்டாம் வகை. ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல், மண்புழு நீர், பஞ்சகவ்யம் ஆகியன இதில் அடங்கும். உணவாக அல்லாமல் தூண்டுதலாக நின்று, வேர் விடுவதையும் பூப் பிடிப்பதையும் ஊக்குபவை மூன்றாம் வகை. கடற்பாசிச் சாறும், தேமோர்க் கரைசலும், அரப்பு மோர்க் கரைசலும் இவ்வகையின. பஞ்சகவ்யம் இரண்டாம் வகையிலும் மூன்றாம் வகையிலும் கால் வைத்து நிற்பது.

இந்தப் பாகுபாட்டை அறியாமையினால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டே காட்டலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, பஞ்சகவ்யத்தில் தழைச்சத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 229 பங்கு. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து ஊற்றினால் செடிக்குப் போய்ச் சேரும் தழைச்சத்து சுமார் 7 மில்லிகிராம்தான். கடலைப் பிண்ணாக்கிலோ நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் தழைச்சத்து உண்டு. 10 கிராம் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்த ஒரு லிட்டரிலே, சக்கையில் தங்குவதையும் உள்ளிட்டுப் பார்த்தால், 700 மில்லிகிராம் அடங்கியிருக்கும். பஞ்சகவ்யத்திலே வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் இருப்பது மெய். அதன் பெருமை அவற்றாலேயே. ஆனால் தழைச்சத்துக்கு ஏங்கி வெளிறிய கத்தரிக்குப் பஞ்சகவ்யத்தை மாத்திரம் மாதக்கணக்கில் ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று குறைகூறுவது, கரைசலின் மேல் சுமத்தும் அபவாதமாகும்.

உணவாகும் கரைசல்கள்

மாடித் தோட்டக்காரருக்கு எளிதிலும் மலிவிலும் கிடைப்பது பிண்ணாக்கு. மரச்செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை நொறுக்கி ஒரு லிட்டர் நீரில் இட்டு மூடிவைத்தால், முதல் நாள் அது பொங்கிப் பூரித்து மாவாகும். இரண்டாம் நாள் மேலே நுரை கட்டும். மூன்றாம் நாள் கோலால் கிளறும்போது மூக்கைத் துளைக்கும் நெடி எழும்பும். அப்பொழுது பழைய வேட்டித் துணியிலே வடிகட்டி, அந்த ஒரு லிட்டரைப் பத்து லிட்டர் நீரில் கலந்து, தேநீர் வடித்த நிறத்துக்கு வந்தபின் ஊற்றுவதே முறை. சக்கையைத் தொட்டியின் மேல் பரப்பினால் ஈயும் எறும்பும் பூஞ்சாளமும் வந்து சேரும். மக்கு உரக் குழியில் இடுவதே நன்று. நெடி பொறுக்கமாட்டாத அடுக்கு மாடிக் குடியிருப்பில் வசிப்போர் மூன்று நாட்களுக்கு மேல் புளிக்கவிட வேண்டியதில்லை.

வேப்பம் பிண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு 5 பங்கு அளவிலே நிற்கும். அத்துடன் வேரைத் தாக்கும் நூற்புழுக்களையும் அது அடக்கும். ஆமணக்குப் பிண்ணாக்கும் நல்ல உரமே. ஆயினும் அது விஷமுள்ளதாகையால் நாயும் பூனையும் உலாவும் மாடியில் அதைத் திறந்து வைக்கக்கூடாது. வங்காளத்திலே செவ்வந்தியும் டேலியாவும் தொட்டியில் வளர்ப்போர் கடுகுப் பிண்ணாக்குக் கரைசலையே பெரிதும் நம்புகிறார்கள்.

மீன் அமிலம், கொரிய நாட்டு இயற்கை விவசாய முறையைப் பரப்பிய சோ ஹான்-கியூவின் போதனையால் உலகெங்கும் அறிமுகமாகி, நம்மாழ்வார் முதலிய இயற்கை வேளாண் அறிஞர்களின் பிரசாரத்தால் தமிழ்நாட்டிலே வேரூன்றியது. மீன் கடையில் வீணாகும் தலை, குடல், செவுள் ஆகியவை ஒரு கிலோ, நாட்டு வெல்லம் ஒரு கிலோ. இவ்விரண்டையும் நறுக்கிப் பிசைந்து, பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ இட்டு, நிழலில் மூடி வைக்க வேண்டும். வெல்லத்தின் செறிவு மீனிலிருந்து நீரை வெளியே இழுத்து, அழுகச் செய்யும் கிருமிகளை அடக்கி, மீனின் சொந்த நொதிகள் புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களாக்குவதற்கு அவகாசம் தருகிறது. மூன்று வாரத்துக்கு மேலான பின் திறந்து பார்த்தால், மீன் வாடை மறைந்து, பழுத்த பழத்தின் வாசனையொத்த ஒரு மணமும் தேன் நிறமும் தோன்றியிருக்கும்; அதுவே பக்குவத்தின் அடையாளம். பிண வாடை அடித்தால் வெல்லம் போதவில்லை என்பது பொருள். இன்னும் சிறிது வெல்லம் சேர்த்து வைக்கலாம். வடித்தெடுத்த அமிலத்தை லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிக்கு மேல் கலக்கலாகாது. தேக்கரண்டி ஒன்றே ஒரு லிட்டருக்குத் தாராளம்.

உயிரூட்டும் கரைசல்கள்

பஞ்சகவ்யத்தைச் செடிகளுக்கு ஏற்ற முறையில் வகுத்து விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தவர் ஈரோடு மாவட்டம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் அவர்கள். பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்ற ஐந்தோடு வெல்லம், இளநீர், பூவன் வாழைப்பழம் ஆகியவற்றைச் சேர்த்து, நாள்தோறும் இருவேளை கிளறி, ஒரு மாதம் வரை நொதிக்கவிடும் அந்த முறை, பால் வற்றாத கிராமத்து வீட்டுக்கு இயல்பானது. நகரத்தவர் நம்பகமான பண்ணையிலே வாங்கிக்கொள்வதே உசிதம். லிட்டருக்கு 30 மில்லி என்ற விகிதத்தில் வேருக்கு ஊற்றலாம். நன்றாக வடிகட்டிய பின் இலையிலும் தெளிக்கலாம்.

மகாராஷ்டிரத்து சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தம் மாடியிலேயே தயாரிக்கத்தக்கது. அவர் 200 லிட்டருக்குச் சொன்ன கணக்கைச் சுருக்கினால், 20 லிட்டர் நீருக்கு நாட்டுப் பசுஞ்சாணம் ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர் வரை, வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், உயிருள்ள தோட்டத்து மண் ஒரு பிடி என்று அமையும். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கிளறிவர, இரண்டு நாட்களில் தயாராகும். ஒரு வாரத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். இதைப் பத்து மடங்கு நீரோடு கலந்து தொட்டிக்கு இடலாம். மண்புழுப் படுக்கையின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு அடியில் வடித்தெடுக்கும் மண்புழு நீரையும் அவ்வாறே பத்து மடங்கு நீர்த்துப் பயன்படுத்தலாம். நாற்றங்காலிலே இருக்கும் இளங்கன்றுக்குக்கூடத் தீங்கு செய்யாத சாது இது. கரைசல்களில் எதையும் பழகாத புதியவர்கள் தொடங்க வேண்டியது இதிலிருந்தே.

தூண்டும் கரைசல்களுள், புளித்த மோரும் தேங்காய்ப் பாலும் சமமாகக் கலந்து ஒரு வாரம் வைத்தெடுக்கும் தேமோர்க் கரைசல், பூ கொட்டும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் நம் விவசாயிகள் அனுபவத்தில் விரும்பித் தெளிப்பது. உசிலை இலையை மோரில் ஊறவைத்த அரப்பு மோர்க் கரைசலும் அத்தகையதே. மன்னார் வளைகுடாவையும் பாக் ஜலசந்தியையும் ஒட்டிய மண்டபம் கரையோரத்திலே வளர்க்கப்படும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியிலிருந்து பிழிந்த சாறு இப்பொழுது புட்டியில் பரவலாகக் கிடைக்கிறது. அதில் சைட்டோகைனின் முதலிய வளர்ச்சி ஊக்கிகளும் சாம்பல் சத்தும் உண்டு, தழைச்சத்து மிகச் சொற்பம். நாற்றை இடம் மாற்றி நட்ட அதிர்ச்சியிலிருந்து தேற்றவும், வெயிலின் கொடுமையைத் தாங்கச் செய்யவும் லிட்டருக்கு 2 முதல் 3 மில்லி போதும்.

பருவம் அறிந்து ஊட்டுதல்

நாற்று நட்டு, புது இலை நான்கைந்து விட்டு வேர் பிடிக்கும் வரை உணவுக் கரைசல் ஏதும் வேண்டியதில்லை. மண்புழு நீரோ கடற்பாசிச் சாறோ போதுமானது. நட்ட மூன்றாம் வாரம் முதல் பூ அரும்பும் வரை செடிக்குத் தேவை தழைச்சத்து. அப்போது பிண்ணாக்குக் கரைசலையும் மீன் அமிலத்தையும் மாற்றி மாற்றிப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை தரலாம், இடையிலே ஒரு முறை ஜீவாமிர்தம் விடலாம். அரும்பு கண்டபின் தழைச்சத்தைக் குறைத்து, தேமோரும் பஞ்சகவ்யமும் முன்னே வர வேண்டும். அவ்வாறு மாற்றாதவர்களுடைய தக்காளி, ஆளுயரம் வளர்ந்து கரும்பச்சை இலையோடு நின்று, பூவைக் காட்டாமல் அசுவினிக்கு விருந்தாகிவிடும்.

கீரைக்குப் பருவ பேதம் இல்லை. இலையே பயனாகையால் தழைச்சத்தே அதற்கு வேண்டுவது. மல்லிகையும் ரோஜாவும் கவாத்துச் செய்தபின் துளிர்க்கும் காலத்தில் உணவை மிகுதியாக விரும்புவன. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரை நீர்த்து ஊற்றும் பாட்டிமார் வழக்கத்துக்குக் காரணம் உண்டு. உவர் நீரால் காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து கரையாமல் கட்டுண்டு கிடக்க, மோரின் புளிப்பு அந்தக் காரத்தைச் சிறிது தணிக்கிறது. அடினியமும் கள்ளியும் கற்றாழையும் அதிகம் உண்ணா. இவற்றுக்கு மாதம் ஒரு முறை மண்புழு நீரே மிகை.

ஊற்றும் முறை

காய்ந்த மண்ணில் எந்தக் கரைசலையும் ஊற்றக்கூடாது என்பது விதிகளுள் முதல் விதி. வறண்ட வேரின் மேல் செறிந்த உப்பு படும்போது, வேர் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தன் நீரையே இழந்து கருகும். முதலில் வெறும் நீரால் மண்ணை நனைத்து, அரை மணி கழித்து, பன்னிரண்டு அங்குலப் பைக்குக் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை கரைசலைப் பூவாளியால் சுற்றிலும் ஊற்ற வேண்டும். காலை வெயில் ஏறுமுன்னோ, மாலை வெயில் தணிந்த பின்னோ இதைச் செய்தல் நலம். இலையில் தெளிப்பதாயின் அடிப்புறமும் நனையத் தெளிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஊற்றிய உரம் அன்றே வழிந்து போய்விடுமாதலால், வானம் தெளியும் வரை காத்திருக்க வேண்டும்.

மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால், நுண்ணுயிர்க் கரைசல்களைக் கலக்குமுன் அந்த நீரை ஓரிரவு திறந்த வாளியில் வைத்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமுள்ள பகுதிகளில் கரைசலை வழக்கத்திலும் பாதியாகக் குறைத்துக்கொள்வது விவேகம். நீரின் உப்பும் உரத்தின் உப்பும் ஒன்று சேர்ந்து தொட்டியின் விளிம்பிலே வெண்மையாகப் பூத்து நிற்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். அது தோன்றிய தொட்டிக்கு உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நல்ல நீரை, கிடைத்தால் மழைநீரை, மெள்ள ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

உரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செடியே சைகை காட்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இருப்பதைச் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்கு அனுப்பிக் கொண்டிருக்கிறது. நுனித் தளிர் வெளிறி நரம்பு மாத்திரம் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைவு; அதற்குப் பிண்ணாக்கு ஊற்றிப் பயனில்லை. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. எல்லா இலைகளின் நுனியும் ஒரே காலத்தில் கருகினால் அது உர மிகுதி. தக்காளியின் அடிப்புறம் கருத்து அமுங்கினால் அது சுண்ணாம்புச் சத்துச் சென்று சேராமையின் விளைவு. ஒருநாள் வெள்ளமும் ஒருநாள் வறட்சியுமாக நீர் ஊற்றுவதே அதற்குப் பெரும்பாலும் மூலகாரணமாகையால், எந்தப் புட்டியும் அதைத் தீர்க்காது. சீராக நீர் ஊற்றினால் தீரும்.

சமையலறையும் கடையும்

அரிசி களைந்த நீரும் பருப்புக் கழுவிய நீரும் தயக்கமின்றி ஊற்றத் தக்கவை. உப்பிட்ட நீர் மாத்திரம் கூடாது. வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரில் சாம்பல் சத்துச் சிறிது இறங்கும். முட்டை ஓட்டை நீரில் ஊறவைப்பதால் ஏறத்தாழ ஒன்றும் கரைவதில்லை. அதைப் பொடித்து மண்ணில் கலப்பதே சரி. பால், சர்க்கரை கலந்த தேநீர்ச் சக்கையை அப்படியே இட்டால் எறும்பு மொய்க்கும். அலசி உலர்த்தியே இடவேண்டும்.

புட்டியில் வாங்குவோர் லேபிளைப் படிக்காமல் பணம் கொடுக்கலாகாது. மத்திய அரசின் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, 2006இல் உயிர் உரங்களையும் இயற்கை உரங்களையும், 2021இல் வளர்ச்சி ஊக்கிகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. சத்தின் விகிதம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கலக்கும் அளவு ஆகிய நான்கும் அச்சிடப்படாத புட்டியை எவ்வளவு புகழ்ந்து விற்றாலும் ஒதுக்கிவிடுங்கள். உயிர் உரமாயின், தயாரித்து நாளாகாததாகவும் வெயில் படாத இடத்தில் வைக்கப்பட்டிருந்ததாகவும் இருத்தல் அவசியம். வெயிலில் காய்ந்த புட்டியிலே உயிர் எஞ்சியிருக்காது. இயற்கை என்று எழுதியிருந்தும் தழைச்சத்து மட்டும் நம்பமுடியாத அளவுக்கு உயர்ந்திருந்தால், அதில் யூரியா கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறுவது நியாயமே.

சுகாதாரம் பற்றிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சாணமும் கோமியமும் மீனும் சேர்ந்த கரைசல்களைப் பச்சையாக உண்ணும் கீரை, கொத்தமல்லி, புதினா, தக்காளி ஆகியவற்றின் மேல் தெளிக்காமல் மண்ணுக்கே ஊற்ற வேண்டும். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னதாக அதனையும் நிறுத்திவிட வேண்டும். பறித்ததைக் கழுவியே உண்ண வேண்டும். கரைசல் கலக்கிய வாளியை மூடாமல் விட்டால் கொசு வளரும். கையுறை அணிவதும் பின் சோப்பிட்டுக் கைகழுவுவதும் குழந்தைகளுக்கும் பழக்கப்படுத்த வேண்டிய ஒழுக்கங்கள்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்

புதிய கரைசல் எதுவாயினும் முதலில் ஒரே ஒரு தொட்டிக்கு, சொல்லப்பட்ட அளவில் பாதியாக ஊற்றி, ஒரு வாரம் பார்த்த பின்னரே மற்றவற்றுக்குக் கொடுங்கள். ஊற்றிய தேதியையும் பொருளையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஒரு போகம் முடிவதற்குள் உங்கள் மாடிக்கும் உங்கள் நீருக்கும் ஏற்ற விதியை அந்தக் குறிப்பேடே உங்களுக்குக் கற்பித்துவிடும். பத்துப் புட்டிகள் வாங்கும் செலவில், நல்ல மண்புழு உரம் ஒரு மூட்டையும், கடலைப் பிண்ணாக்கு இரண்டு கிலோவும், மீன் அமிலம் ஒரு புட்டியும், மில்லிக் கணக்குக் காட்டும் அளவுக் குவளை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் மாடித் தோட்டத்தை ஆண்டு முழுவதும் காப்பாற்ற இவை போதும்.